பாறையை உடைக்காத வீடு

புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர் ஃபோனை நீட்டினார்.

"பின்லாந்துல மகன் வேலைக்குப் போயி கூட்டித் தொடைக்கிற வீடு அக்கா. பாறைய ஒடைக்கல, மரத்த வெட்டல. மலைக்கு ஏத்த மாதிரி வீட்ட வளைச்சிருக்காங்க."

"உள்ளுக்கு ஒரு சாமானும் இல்லையே, நம்ம தோட்டத்து லயத்துல இருக்கிற ஒத்தக் காம்பரா மாதிரி!" என்று மூத்தவர் சிரித்தார். பிறகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் மகளுக்கு ரூம் கட்டத்தானே வீட்டுக்குப் பின்னால மண்மேட்ட வெட்டினோம். மழையில அதுதானே அவ மேல சரிஞ்சிச்சு. வெட்டினது எங்க வீட்டுக்காரருதான். இத அவருகிட்ட காட்டிராத தங்கச்சி."

முன்னால் நின்ற மூத்தவரின் கணவர் திரும்பினார். "என்னா படம்?"

"கல்யாண வீடுங்க" என்றார் மூத்தவர்.

வீட்டுக்கு வந்ததும், எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் இருக்கும் மண்மேட்டுப் பக்கச் சுவரோடு கிடந்த என் மகளின் கட்டிலை மறுபக்கம் இழுத்துப் போட்டேன்.