எல் டிரைவ் பச்சையாகத்தான் இருந்தது

ஐயா, எனக்கு நாற்றம் மட்டும் ஆகாது. மற்றபடி யாரிடமும் முகம் சுளித்துப் பேசாதவன் நான். ஆபீசில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

குடிநீர் நிலையத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாடியில் லேப். லேப் மேடம் தினமும் தண்ணீரைச் சோதித்து, முடிவைச் சர்வரில் ஒரு ஃபோல்டரில் போடுவார். நல்ல தண்ணீர் என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. கீழே பம்ப் ரூம் அண்ணன் அதே ஃபோல்டரைத் தன் கம்ப்யூட்டரில் ‘எல் டிரைவ்’ என்று திறந்து பார்ப்பார். பச்சை என்றால் ஊருக்குத் தண்ணீர் போகும். சிவப்பு என்றால் வால்வை மூட வேண்டும். தேதியையோ எண்களையோ அந்த மனுஷன் ஒருநாளும் படித்ததில்லை.

சர்வரோடு அந்த எல் டிரைவின் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். உடனே போன் வரும்.

“ஏம்ப்பா, எல்லு மறுபடி ஓடிப்போச்சு. வந்து பாரு.”

பம்ப் ரூமை ஒட்டித்தான் சேற்றுத் தொட்டி. அழுகிய முட்டையை மூக்குக்குள் உடைத்த மாதிரி இருக்கும். அண்ணன் மூக்கைச் சிந்திய கையாலேயே கீபோர்டைத் தட்டுவார். பட்டன்களின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம். அதில் நான் விரல் வைக்க வேண்டும். கறுப்பு விண்டோவைத் திறந்து, மறுபடி இணைக்க ஒரே வரி: நெட் யூஸ், எல், சர்வர் பெயர், ஃபோல்டர் பெயர். எண்டர். இதற்காக அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் வெறுத்தே போனது. ஃபோல்டரை அப்படியே அவர் கம்ப்யூட்டரில் நகலெடுத்து வைத்தேன். அதே வரியை அடித்தேன். சர்வர் பெயருக்குப் பதில் அவர் கம்ப்யூட்டரின் பெயர். இனி எல் எங்கேயும் ஓடாது. அன்று நிறம் பச்சை. அதனால் அதற்குப் பிறகு, மேடம் சர்வரில் எதைப் போட்டாலும், கீழே எல்லா நாளும் பச்சை.

“தங்கம்ப்பா நீ” என்றார் அண்ணன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு எங்கோ சாக்கடைக் குழாய் உடைந்து நம் தண்ணீரில் கலந்தது. மேடம் பதறிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

“சிவப்பு போட்டிருக்கேன், கீழ பாத்தாங்களா? மோட்டார் சத்தத்துல போனே எடுக்க மாட்டேங்கிறாரு.”

“பாத்துட்டாங்க மேடம். வால்வ மூடிட்டு வேற தொட்டியிலேருந்து விடுறாங்க.”

வேறென்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் எல்லார் முன்னாலும் அந்த நகலைக் காட்ட வேண்டும், வேலை போய்விடும். மறுநாள் கமுக்கமாக மாற்றிவிடலாம் என்றுதான் போனேன். வாசலிலேயே குமட்டியது. திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்குக் கேன் தண்ணீர் வாங்கிப் போட்டேன். “குழாத் தண்ணிய வாயில வைக்காத, ஏன்னு கேக்காத” என்றேன் மனைவியிடம். அன்றிலிருந்து அவள் கேன் தண்ணீரில்தான் சமைத்தாள். கீழ்வீட்டில் இருக்கும் என் தம்பியிடம் சொல்லவில்லை. அவன் ஓட்டைவாய், தெருவையே கூட்டிவிடுவான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். தெருவெல்லாம் வாந்தி, பேதி. வாசல்களில் வழிந்து கிடந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தேன். சே, கொஞ்சம் கழுவிவிடக்கூடவா ஆளில்லை.

நீங்கள் பம்ப் ரூம் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். “எல்லுல பச்சைதான் சார் இருந்துச்சு, எம்புள்ள மேல சத்தியம்” என்று அவர் அழுதது நிஜம். நகலை உங்கள் ஆட்கள் கண்டுபிடித்த பிறகு நான் எதற்கு மறைக்க வேண்டும்?

இறந்துபோன என் தம்பி மகளைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று விளையாடிவிட்டு வியர்க்க விறுவிறுக்க மாடிக்கு ஓடி வந்தாள். “பெரியப்பா, தண்ணி” என்றாள். கேன் சமையலறைக் கதவுக்குப் பின்னால், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அவள் அம்மா படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். கேனைப் பார்த்தால் “எதுக்கு மாமா இது?” என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால் குழாயில் பிடித்துக் கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அதையும் கொடுத்தேன்.

இதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. டம்ளரை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கொடுத்தேன்.