சுகுணாவின் கடலுக்கு ஒரு மதகு

இந்த அவையின் தலைமை இருக்கையை அணிசெய்யும் மதிப்பிற்குரிய அண்ணன் வெங்கடாசலம் அவர்களே, சுட்டெரிக்கும் வெயிலிலும் சோர்வறியாது வந்தமர்ந்த பெரியோர்களே, களையெடுப்பை நிறுத்திவிட்டுக் கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, பந்தல் கம்பத்தில் சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே! பானுமதியின் பணிவான வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

படிப்பகத் திறப்பு விழாவில் பாராட்டிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். மேடையேறும்போது தலைவர் என் காதருகே, "நாளைக்குக் காலைல அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிச்சுடலாங்க" என்றார். எந்தச் சுவருக்கு? இதோ, உங்கள் கண்முன்னே கடல் விரிந்து கிடக்கிறதே, இந்தப் படிப்பகச் சுவருக்கு!

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரான்சு தேசத்து ஓவியர் ஒருவர் கடற்கரையில் நின்று, கண்ட கணத்திலேயே தீட்டிய காட்சி இது. குடை பிடித்த பெண்கள், காற்றில் உப்பும் பாவாடைகள், ஈரமணல், வெளிறிய வானம். புத்தகத்தில் உள்ளங்கையளவு இருந்த படத்தைப் பதினெட்டு நாள் சாரத்தில் நின்று சுவர் முழுக்கத் தீட்டியவர் நம் இண்டூர் பெயிண்டர் சுகுணா.

அவர் செய்த குற்றம் என்ன? வானமும் கடலும் கூடுமிடத்தில் ஓர் ஏரிக்கரையையும் மதகையும் சேர்த்துவிட்டார். சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தவள்தான். "ஏம்மா, கடலுக்கு ஏது மதகு?" என்று கேட்டேன். "அந்தப் பக்கம் கரை கட்டாட்டி அத்தன தண்ணியும் எப்படிங்கக்கா நிக்கும்? ஓடிப்போயிடாதுங்களா?" என்றார். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

கடலைக் கண்ணால் காணாதவர். காய்ந்த ஏரியை ஆண்டாண்டாய்க் கண்டவர். ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று கட்டிவிட்டார் கரையை! பிழையா? பிழைதான்! பூசி மெழுக நான் வரவில்லை. அதற்காக அந்தப் பெண்களை அழிப்பதா? அந்த வெயிலை அழிப்பதா? பதினெட்டு நாள் பாடுபட்டதைப் பத்து நிமிடச் சுண்ணாம்பில் மூடுவதா? பிரான்சிலும் இப்படி வரைந்தவர்களை அரைகுறை என்று எள்ளி நகையாடினார்கள். அவர்கள் தூரிகையைக் கீழே போட்டார்களா?

என்னங்க பின்னாடி சத்தம்? "அந்தம்மாவே அழிச்சுடறேன்னு சொல்லுதுங்க"ன்னா? சொல்லத்தான் செய்வார், மானமுள்ளவர்! நம் கேலி தாளாமல் நான்கு நாளாக வீட்டைவிட்டு வெளியே வராதவர், இன்று நான் கையைப் பிடித்து இழுத்ததால் வந்திருக்கிறார்.

தலைவர் அவர்களே! நாளைக் காலை சுண்ணாம்பு வாளி வரட்டும். சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பேன். முதல் பூச்சு என் சேலையில் விழட்டும்! என்னோடு யார் நிற்பீர்கள்? கையைத் தூக்குங்கள்! அடேயப்பா, பந்தலே கையாகிவிட்டது! அண்ணே, நீங்களுமா? நல்லா இருப்பீங்க!

சுகுணா, தலை குனியாதே, எந்திரிச்சு வாம்மா. கடைப் பலகையிலும் கல்யாண வளைவிலும் இருபது வருஷமாக ஊரார் பெயரைத்தான் எழுதினாய். இப்போது அந்த மதகுக்குக் கீழே, எல்லாரும் பார்க்க, உன் பெயரை எழுது.

அவர் எழுதி முடிக்கும்வரை எழுந்து நிற்கப்போகும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்!