கலந்து விதைத்த பாத்தி

எழுபதுகளில் ஒரு காலை, ஆவடியிலிருந்து கிளம்பிய ரயிலில், காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எதிரே இருந்த பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"டீச்சரம்மா, உங்க புல்லு இன்னும் உசுரோட கீது."

அந்தப் பெண் கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவர். அம்பத்தூர்த் தரிசில் பாத்தி கட்டி ஆராய்ச்சி செய்திருக்கிறார். அங்கே இப்போது தொழிற்சாலை. அன்று பாத்திக்கு வேலி கட்டிய காக்கிச் சட்டைக்காரர்தான் இன்று அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எல்லாம் பேச்சிலேயே தெரிந்தது.

"எந்தப் பாத்தி? ஒரே புல் போட்டதா, பல செடி கலந்து போட்டதா?"

"கலந்து போட்டதுதாம்மா. இன்னொன்னு அந்த வருசத்து வெயில்லயே கருகிப் பூட்ச்சே. இது சுவரோரமா தப்பிச்சுகினு கீது."

"கொழிஞ்சிச் செடி இருக்கா? ஊதாப் பூ?"

"பூத்துகினு கீது."

"அது இருந்தா பக்கத்துல இருக்கிற புல்லுக்கும் மண்ணுல சத்து சேரும். இன்னும் ரெண்டு மழைக்காலம் பார்த்திருந்தா, கலந்து போட்டாதான் தாங்கும்னு நிச்சயமா சொல்லியிருப்பேன். கேட்டேன், தொழிற்சாலைக்காரங்க இடத்தைக் குடுக்கலை."

அம்பத்தூர் வந்ததும் காக்கிச் சட்டைக்காரர் எழுந்தார். அந்தப் பெண்ணும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னாம்மா, காலேஜ் இல்லியா? உள்ள உட மாட்டாங்களே."

"தெரியும். வெளியிலேர்ந்து எட்டிப் பார்க்கிறேன்."

"சுவரு ஆளு ஒசரத்துக்கு மேல கீதும்மா."

"பரவாயில்லை. எந்தப் பக்கம்னு மட்டும் காட்டுங்க" என்று சொல்லி அவருக்கு முன்னால் இறங்கிவிட்டார்.