சூடேறும் வரை

சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் முதல் பஸ். வெளியே ஒரே பனி. வயலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. என் அரைத்தூக்கத்தைக் கலைத்தது முன் சீற்றில் இருந்த தாதியின் குரல்.

"எங்கடை காருக்கும் குளிருது, அக்கா."

அவளுக்குப் பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள்.

"உண்மையாத்தான், அக்கா. சத்தமில்லாமல் வேலைக்கு வெளிக்கிடலாம் எண்டுதானே பற்றரியிலையும் ஓடுற ஹைபிரிட் கார் எடுத்தனாங்கள். விடிய ஸ்டார்ட் பண்ணினால், பற்றரியிலை சார்ஜ் இருந்தாலும் எஞ்சின் தன்பாட்டிலை இரையுது."

"ஏனாம்?"

"சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தமாக்கிற பெட்டி ஒண்டு இருக்காம். அது சூடானால்தான் வேலை செய்யுமாம். சூடேறினதும் எஞ்சின் தானா அடங்கியிடும். அதுக்குள்ளை சின்னவன் எழும்பி, அழுதுகொண்டு கேற்றடிக்கு ஓடி வந்திடுவான்."

"அதுதான் இண்டைக்குப் பஸ்ஸோ?"

"ஓம்."

"நல்லதுதானே. பிள்ளை நிம்மதியா நித்திரை கொள்ளட்டும்."

தாதி யன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை விரலால் துடைத்தாள். வெளியே இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

"எழும்பிப் பாத்தால் முற்றத்திலை கார் நிக்கும், அக்கா. அம்மா வீட்டிலைதான் எண்டு நினைச்சு அறை அறையாத் தேடுவான்."