மண்டபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை

பகலில் தூங்குகிறவர்களை எழுப்புவது எனக்குப் பிடிக்காது. இருங்காட்டுக்கோட்டையில் அறை வாடகைக்கு விடுகிறவன் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். என் அறைகளில் இருந்தவர்கள் எல்லாம் நைட் ஷிப்ட் ஆட்கள். ‘பகலில் சத்தம் போடாதீர்கள்’ என்று வாசலில் பலகை மாட்டியவன் நான். வெளிச்சம் வராமல் ஜன்னலில் ஒட்டப் பழைய பேப்பர் கொடுத்ததும் நான்தான். அவர்களில் ஒருவன் பெயர் பகலவன். பகலில் நீ கண் திறந்து பார்த்ததே இல்லையே என்று கேலி செய்வேன். அவனும் சிரிப்பான்.

எனக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. அறைகளுக்கு எதிரே உள்ள பழைய குளமும், அதன் நடுவே நிற்கும் நாலுகால் மண்டபமும். ஒரு தூணில் சிரிக்கும் குரங்கு செதுக்கியிருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள் ஏட்டையா, என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கும் உங்களின் அதே ஜாடை. “அந்தக் கல்லையே கட்டிக்கினு இருந்திருக்கலாமே, என்னை ஏன் கட்டிக்கின?” என்பாள் என் மனைவி மஞ்சுளா. நியாயமான கேள்விதான்.

அன்று முற்பகலில் குளத்தை ஒட்டிய சாலைத் திருப்பத்தில் ஆசிட் லாரி கவிழ்ந்தது. வெள்ளைப் புகை கிளம்பியது. தீயணைப்பு அதிகாரி வெங்கடேசன் நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். கரையை வெட்டி, வற்றிக் கிடந்த குளத்துக்குள் ஆசிட்டை விட்டுவிடலாம் என்று ஜேசிபியைத் திருப்பச் சொன்னார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

“ராஜா காலத்துக் கல்லு சார், கரைஞ்சிடும். அந்தப் பக்கம் பள்ளத்துல திருப்பி வுடுங்க.”

பள்ளம் என் அறைகளின் பின்சுவரை ஒட்டிப் போகிறது. அவர் அறைகளைப் பார்த்தார். மூடிய ஜன்னல்கள், சத்தமே இல்லை.

“உள்ள ஆளுங்க கீறாங்களா?”

“எல்லாம் டூட்டிக்குப் போனாங்க சார்.”

பொய் என்று சொல்ல முடியாது. போனார்கள், விடிந்ததும் திரும்பியும் வந்தார்கள். அதை அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி அவர்களை வெளியேற்றும்வரை ஆசிட் காத்திருக்குமா? அதற்குள் கரையை வெட்டியிருப்பார்கள்.

ஆசிட் பள்ளத்தில் ஓடியது, புகை அறைகளைச் சூழ்ந்தது. அது அடங்கியபின் கதவுகளை உடைத்தார்கள். பகலவன் தாழ்ப்பாளுக்குக் கை நீட்டியபடி கிடந்தானாம். மற்றவர்கள் பாயிலேயே கிடந்தார்களாம். நான் போகவில்லை. குளத்துக்குப் போனேன். குரங்கின் பல்கூடத் தேயவில்லை.

அவர்களைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டையா. கூடவே இதையும் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்: அவர்கள் தூக்கத்தை நான் கெடுக்கவில்லை.