சான்றில்லாத மூட்டைக்கு நான் போட்ட எழுபத்தாறு

என் பெயர் லாசரஸ், வயது 53, தகப்பனார் பெயர் தேவசகாயம். கிழக்குத் தாம்பரத்தில் மனைவி சாராள், மகள் ஜெரூஷாவுடன் குடியிருந்து வருகிறேன். சேலையூரில் ஸ்ரீவத்சன் என்பவர் நடத்தும் காப்பிக்கொட்டை ஏற்றுமதி நிறுவனத்தில், காப்பியைக் குடித்துப் பார்த்து மதிப்பெண் போடும் வேலையைப் பத்தொன்பது வருடமாகச் செய்து வருகிறேன்.

எங்களிடம் இயற்கை விவசாயச் சான்று உள்ள தோட்டக்காரர்களுக்குத் தனி விலை. சான்றுக்குப் பணம் கட்ட முடியாத சிறு விவசாயிகளுக்கு என் மதிப்பெண் ஒன்றுதான் கதி. எண்பதைத் தாண்டினால் கிலோ ஐந்நூற்று ஐம்பது, தாண்டாவிட்டால் முந்நூற்று எண்பது. பாரபட்சம் கூடாது என்று கோப்பைகளில் எண் மட்டும் ஒட்டியிருக்கும். யாருடைய காப்பி என்று நான் பார்க்கக்கூடாது.

கடந்த டிசம்பரில் எனக்குக் காய்ச்சல் கண்டு, அதன் பிறகு வாசனை அடியோடு போய்விட்டது. மூக்கு போன ஆளுக்கு அங்கே என்ன வேலை? மகளுக்குக் கடைசி வருடப் படிப்பு என்பதால் வெளியே சொல்லாமல் மறைத்தேன். ஜனவரியில் சாம்பிள்கள் வந்தபோது, பதிவேட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டி, சான்று உள்ளவர்களுக்கு எண்பத்து நான்கும் இல்லாதவர்களுக்கு எழுபத்தாறும் போட்டேன். வழக்கமாகவும் ஏறக்குறைய அப்படித்தானே வரும் என்று என்னையே ஏய்த்துக்கொண்டேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அதன் பிறகு பிப்ரவரி மாதம், என்னிடம் எழுபத்தாறு வாங்கிய சிறு விவசாயியான மனுதாரர் தையல்நாயகி கொல்லிமலையிலிருந்து பஸ் ஏறி நேரில் வந்து, "சார், என் காப்பிய இன்னொரு வாட்டி குடிச்சுப் பாருங்க" என்று கேட்டார். நான் உறிஞ்சித் துப்பினேன். கசப்பான வெந்நீர் மாதிரிதான் இருந்தது. உடன் வேலை பார்க்கும் ஆஷா அதே கோப்பையைக் குடித்துவிட்டு, "அண்ணா, இதுல ஆரஞ்சு வாசனை சூப்பரா வருதே" என்றாள். "உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு" என்று அதட்டிவிட்டு, தையல்நாயகியிடம், "லேசா புளிச்ச வாடை அடிக்குதும்மா, பழைய செடியா இருக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குறைந்த விலைக்கே கையெழுத்துப் போட்டுப் போனார்.

ஏப்ரலில் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் அதே மூட்டைகளைச் சோதித்து எண்பத்தெட்டு போட்டு வாங்கிப் போனார். அது தெரிந்துதான் மனுதாரர் எங்கள் முதலாளி மீது புகார் கொடுத்திருக்கிறார். முதலாளிக்கு இதில் எதுவும் தெரியாது. தப்பு முழுக்க என்னுடையது.

இன்று காவல் நிலையத்தில் வைத்துத்தான், என் பேச்சை நம்பி அவர் முக்கால் ஏக்கர் செடிகளை வெட்டிப்போட்ட விஷயம் எனக்குத் தெரியவந்தது. மனது தாங்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "இப்பவாவது நிசத்தச் சொல்லுங்க சார், என் காப்பி எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாதும்மா" என்றேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
தே. லாசரஸ்