வேட் கெஸ்லரின் உள்சட்டை

கடுகுச் சாஸ் கறையை வெந்நீரில் போடக் கூடாது. போட்டால் துணியைப் பிடித்துக்கொண்டு விடாது. பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்பை விரலால் தேய்த்து, கால் மணி நேரம் சும்மா விட வேண்டும். விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஐயா. அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கல்லூரி பேஸ்பால் அணிக்குத் துணி துவைக்கிறேன். அதற்கு முன் ஆர்கன்சா மாநிலத்தின் இதே ஊரில் கோழி ஆலையில் ஒன்பது வருஷம் குடல் உருவினேன். வீட்டுக்கு வந்தால் நாய்கூடப் பின்னாலேயே நக்கிக்கொண்டு வரும். அங்கிருந்து வெளியேறிய அன்று ஒன்றை முடிவு செய்தேன். என் கையைத் தாண்டி அழுக்குத் துணி போகாது.

மார்ச்சில் வரிசையாக ஆறு தோல்வி. ஏழாவதில் ஜெயித்தார்கள். அன்று கேட்ச்சர் வேட் கெஸ்லர் மத்தியானம் தின்ற ஹாட் டாக்கின் கடுகை உள்சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஒழுகவிட்டிருந்தான். மூன்று மணி நேரம் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவன் சட்டை எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டாம். அதைப் பையில் போட்டு நீட்டினான்.

"மிஸ் ஆர்லீன், இத மட்டும் துவைச்சிராதீங்க. தோக்குற வரைக்கும் தண்ணியே படக் கூடாது."

"ஏம்ப்பா, உனக்கும் சேத்தா?"

"நான் குளிப்பேங்க. சட்டைதான் குளிக்காது."

பின்னால் நின்ற கோச் டுலேனி சிரிக்கவில்லை. "அவன் சொல்றபடி செய்யுங்க, ஆர்லீன். இந்த வருஷம் லீக் கோப்பை வரலேன்னா அணியவே மூடிருவோம்னு மேல சொல்லிட்டாங்க. முப்பத்திநாலு பசங்க, நான், நீங்க, எல்லாரும் வீட்டுக்குத்தான்."

சரி என்று வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே துவைத்துவிட்டேன்.

எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. சட்டைக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் பையன்களுக்குத் தெரிந்தால் மனசு உடைவார்கள். ஆகவே துவைக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். காய்ந்ததும் அதைப் பார்த்துக் கடுகை அதே இடத்தில் தூரிகையால் வைத்தேன். மைதானத்துச் செம்மண் ஒரு ஜாடியில். வேர்வை வளையத்துக்குத் தேநீர். நாற்றம்தான் சிரமம். ஊறுகாய்த் தண்ணீர் தெளித்து, அவனுடைய முழங்கால் கவசத்துக்குள் சுருட்டி வைத்தேன். அந்தக் கவசம் வாங்கிய நாளிலிருந்து கழுவப்படாதது. அது என் பொறுப்பில் இல்லை.

மறு ஆட்டத்துக்கு முன் எல்லாரும் வரிசையாக வந்து மோந்து பார்த்தார்கள்.

"அப்பா சாமி! செத்த கீரியே தேவலடா."

"வாய மூடு. வெற்றி இப்படித்தான் மணக்கும்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஜெயித்தார்கள். மறுபடி துவைத்தேன். மறுபடி ஜெயித்தார்கள். ஐந்தாவது வெற்றிக்கு முன் ஒன்றாம் எண் மெஷின் பெல்ட் அறுந்ததால் இரண்டாம் எண்ணில் போட்டேன். ஒன்று சரியான பிறகும் இரண்டிலேயே போட்டேன். சோப்பு ஒன்றரைக் கரண்டி. கதவை இடது கையால் சாத்துவேன். அது கைப்பழக்கம், வேறொன்றுமில்லை. ஒருமுறை வலது கையால் சாத்திவிட்டு, திறந்து மறுபடி சாத்தினேன்.

இப்படிப் பதினேழு வெற்றி.

கடைசி ஆட்டம், கோப்பைக்கானது. அதற்கு முந்தின நாள் வேட் என் அறைக்கு வந்தான்.

"மிஸ் ஆர்லீன், எங்கம்மா அந்தச் சட்டையக் காருக்குள்ளயே விட மாட்டேன்னுட்டாங்க. நீங்க மட்டுந்தான் மூஞ்சி சுளிக்காம வாங்கி வெச்சீங்க. சொன்ன வாக்கக் காப்பாத்துனீங்க."

அவன் போன பிறகு வெகுநேரம் இரண்டாம் எண் மெஷின் முன்னால் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சட்டையைப் பையிலேயே விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறை.

ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைசிச் சுற்று, மூன்றுக்கு மூன்று என்று சமநிலை, எதிரணி ஓட்டக்காரன் மூன்றாவது தளத்தில் நிற்கிறான். பந்து வருகிற நேரம் வேட் அக்குளைச் சொறிந்தான். பந்து கைக்குக் கீழே போய் வேலியில் மோதியது. ஓட்டக்காரன் நடந்தே வந்து சேர்ந்தான். அந்த ஒரே ஓட்டத்தில் கோப்பை போயிற்று. பையன் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதான்.

திங்கட்கிழமை பையன்கள் என் அலமாரியிலிருந்து செம்மண் ஜாடியும் கடுகும் தூரிகையும் போட்டோவும் எடுத்தார்கள். நான் துவைத்ததால்தான் தோற்றோம் என்று கத்தினார்கள். வேட் கத்தவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

அவர்கள் கணக்கு தப்பு, ஐயா. துவைத்தது பதினேழு முறை, அந்தப் பதினேழும் வெற்றி. அதை ஒப்புக்கொள்கிறேன், வருந்தவில்லை. பதினெட்டாவது முறை துவைக்காமல் விட்டேன். குற்றம் அதுதான்.

அணியை மூடுவதா என்று வருகிற செவ்வாய்க்கிழமை கல்லூரிக் குழு கூடுகிறதாமே. சட்டையை இன்று காலை இரண்டாம் எண்ணில் துவைத்து, கடுகை அதன் இடத்தில் வைத்து, இந்தப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். அன்று கோச் கோட்டுக்கு உள்ளே இதைப் போட்டுக்கொண்டு போகட்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.